சேஷாத்ரி சார் தட்டில் நான் போட்ட கொட்டை

செய்தி வந்தபோது நான் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். இதைவிடக் கேவலமாக ஓர் அஞ்சலியைத் தொடங்க முடியாது என்பதால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாலு பேருக்குக் கைபேசியில் ஒரு குழு உண்டு. ‘சீ கோஷ்டி’ என்று பெயர். ஏன் அந்தப் பெயர் என்பது பின்னால் வரும். அந்தக் குழுவில் தினமும் காலை ஆறரைக்கு சேஷாத்ரி சார் ஒரு ரோஜாப் படத்தின் மேல் ஸ்பானிய மொழியில் காலை வணக்கம் எழுதி அனுப்புவார். நான் படிக்காமலே கட்டைவிரல் போட்டுவிடுவேன். மூன்று வருஷப் பழக்கம், பல் தேய்க்கிற மாதிரி. அந்தச் செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து எட்டேகாலுக்கு ஏதோ வந்தது. நேரம் தப்பியிருப்பதை நான் கவனித்திருக்க வேண்டும். பெங்களூர் மடிவாளாவில் நகராமல் நின்ற கம்பெனி பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் இருந்தேன். பெயரைப் பார்த்தேன், விரல் தானாகப் போயிற்று. இரண்டு நிமிஷத்தில் கோஷ்டியில் இளையவன் அருள் கூப்பிட்டான்.

“சார், எங்க இருக்கீங்க?”

“மடிவாளா. வேற எங்க இருப்பேன்.”

“அந்தக் கட்டைவிரலை எடுத்துடுங்க சார்.”

“எந்தக் கட்டைவிரல்?”

“வந்ததைப் படிங்க சார்,” என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சேஷாத்ரி சாரின் எண்ணிலிருந்து அவர் மனைவி எழுதியிருந்தார். இன்று காலை போய்விட்டார் என்று ஒரு வரி, கீழே லட்சுமி என்று பெயர். அந்த எண்ணிலிருந்து இத்தனை சுருக்கமாக ஒரு செய்தி வந்ததே இல்லை. காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். நான் பஸ்ஸைவிட்டு இறங்கி, எதிர்ப்பக்கம் கடந்து, மல்லேஸ்வரம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்க அந்தக் கட்டைவிரலை நீக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் அது ஒருமுறை சிரிக்கும் முகமாக மாறி, மறுபடி கட்டைவிரலாகி, கடைசியில்தான் போயிற்று.

இதைப் படிக்கிற நீங்கள் அவரை அறிந்தவர்கள். பொம்மசந்திரா ஆலையில் அவர் கையெழுத்தோடு வால்வுகளை வெளியே அனுப்பியவர்கள், மல்லேஸ்வரத்தில் அவரோடு கச்சேரிக்குப் போனவர்கள், காய்கறிக் கடையில் அவர் ஒவ்வொரு வெண்டைக்காயையும் பரிசோதித்து முடிக்கக் காத்திருந்து சலித்தவர்கள். உங்கள் முன்னால் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் கட்டைவிரல் அல்ல. அது களைப்பு. இது வேண்டுமென்றே செய்தது. போன ஜனவரியில், ஸ்பெயினில், எனக்கு வந்த ஒரு கொட்டையை யாருக்கும் தெரியாமல் அவர் தட்டுக்குத் தள்ளிவிட்டேன். அந்தக் கொட்டையால்தான் அவர் நெஞ்சைப் பிளந்துகொள்ளச் சம்மதித்தார். எட்டு மாதம் அதை அவரிடம் சொல்ல முயன்று தோற்றேன். அவரும் போய்விட்டார். இனி அவர் மனைவியிடமாவது சொல்லியாக வேண்டும் என்ற பாரத்தோடுதான் அந்தப் பதின்மூன்று நாளும் அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் வால்வு செய்கிற கம்பெனி. சேஷாத்ரி சார் தரக்கட்டுப்பாடு. வனஜா கொள்முதல். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த அருள், சரக்கு அனுப்பும் பிரிவு. நான் வால்வை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று கையேடு எழுதுகிறவன். அந்த இலக்கியத்துக்கு வாசகர் கிடைக்காததால்தான் நகைச்சுவைக் கட்டுரைப் பக்கம் ஒதுங்கினேன். ஒரு ஸ்பெயின் வாடிக்கையாளர் வரப்போகிறார் என்று நிர்வாகம் எங்கள் நாலு பேரையும் சனிக்கிழமை ஸ்பானிய வகுப்பில் சேர்த்தது. ஆறே மாதத்தில் அந்த வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். எங்கள் ஸ்பானியத்தைக் கேட்டதால் அல்ல என்று மேலாளர் உறுதியாகச் சொன்னார். நாங்கள் கேட்காமலே சொன்னார். வகுப்பு மட்டும் எங்களை விடவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து பொம்மசந்திராவுக்கு பஸ்ஸில் போகிற நேரத்தில் ஒரு வினைச்சொல்லை முக்காலத்திலும் திருப்பிப் பார்த்துவிடலாம். வேறு என்ன செய்வது அந்த நேரத்தை?

சேஷாத்ரி சார் எல்லோரையும் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார். கன்னடக்காரர்கள் தோழனைக் கூப்பிடுகிற குரு. பஸ் டிரைவர் குரு, கம்பெனி முதலாளி குரு, வனஜாவும் குரு. மனைவியை மட்டும் லெச்சு என்பார்.

ஸ்பானிய மொழியில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘சீ’ என்று சொல்ல வேண்டும். முதல் வாரமே இவர் அதை வீட்டில் பழக ஆரம்பித்தார். காலையில் லட்சுமி மாமி, “காபி வேணுமா?” என்று கேட்க, இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் “சீ” என்றிருக்கிறார். முப்பது வருஷம் காபி போட்டுக் கொடுத்த கைக்கு அது எப்படி இருக்கும்? அன்றைக்குக் காபி வரவில்லை. மறுநாளும் கேள்வி, மறுநாளும் சீ, மறுநாளும் காபி இல்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் வனஜா விசாரித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் கோஷ்டிக்குப் பெயர் கிடைத்ததும் அன்றைக்குத்தான்.

அவர் ஓய்வு பெற்ற அடுத்த வருஷம், ஜனவரி முதல் வாரம் ஆலை பராமரிப்புக்காக மூடியிருந்தபோது, நாங்கள் நாலு பேரும் ஸ்பெயினில் செவில் நகரத்துக்குப் போனோம். மாமி குளிர் ஆகாது என்று வரவில்லை. விசா, விமானம், வீடு எல்லாம் வனஜாவின் ஏற்பாடு. என் பங்களிப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தது. இறங்கின முதல் மணி நேரத்தில் சேஷாத்ரி சார் சப்பாத்தி என்று நம்பி ‘தோர்தீயா’ கேட்டார். உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை வந்தது. முட்டைக்கு ஸ்பானியத்தில் என்ன என்பதை அதன்பிறகு அவர் மறக்கவே இல்லை. எந்தக் கடையில் நுழைந்தாலும் முதல் சொல் அதுதான். ஊரில் பாதிப் பேர் அவருக்கு முட்டை வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

செவிலில் ஜனவரியில் தெருவெல்லாம் ஆரஞ்சு காய்த்துத் தொங்கும். வெயில் மெல்லிசாக இருக்கும். நான் அரண்மனை, கோபுரம், பாலம் என்று பட்டியல் வைத்துக்கொண்டு ஓடினேன். சேஷாத்ரி சார் ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

“உட்காருங்கோ குரு. ஊரை நாம பாத்தது போறும். ஊர் நம்மளைப் பாக்கட்டும்.”

வனஜா இதைத் தன் கைபேசியில் எழுதி வைத்துக்கொண்டாள். நான், மல்லேஸ்வரத்தில் இல்லாத பெஞ்சா, இதற்கா கடல் கடந்து வந்தோம் என்று கேலி செய்தேன். அவர் கையால் பக்கத்தில் தட்டினார். நானும் உட்கார வேண்டியதாயிற்று. அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெஞ்சில்தான் அருள் கீழே விழுந்த ஒரு ஆரஞ்சை உரித்துக் கடித்துவிட்டு முகத்தை எட்டுக் கோணலாக்கினான். சேஷாத்ரி சார் ஒரு சுளையை வாங்கி நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

“இது நாரத்தங்காய்டா. ஊர் பூரா நாரத்தை மரத்தை வெச்சுண்டு ஆரஞ்சுன்னு சொல்லிண்டிருக்கான்.”

காபிக் கடையிலிருந்து நாலு உப்புப் பொட்டலம் எடுத்து வந்து, விழுந்து கிடந்த காய்களைப் பொறுக்கி, வாடகை வீட்டு ஜன்னலில் நறுக்கி ஊற வைத்தார். மூன்றாம் நாள் தயிர் சாதத்துக்கு அதுதான். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் அது தோன்றியிருக்காது. அந்த ஊர்க்காரர்கள் அதைத் தொடுவதேயில்லை.

அங்கே பால் விட்ட காபிக்கு ‘கஃபே கொன் லெச்சே’ என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் மாமிக்கு போன் போட்டு, “இங்கயும் லெச்சுவோடதான் காபி குடிக்கறேன்,” என்று சொல்லிவிட்டுத்தான் முதல் வாய் குடிப்பார்.

ஒரு மாலை ஃபிளமெங்கோ நடனம் பார்க்கப் போனோம். அறுபது பேர் உட்காரக்கூடிய சின்னக் கூடம். இவர் தாளம் போடாமல் எதையும் கேட்கத் தெரியாதவர். தொடையில் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு என் காதில், “பன்னெண்டு எண்ணறான் குரு. ஆனா எங்க ஆரம்பிக்கறான்னு காட்டவே மாட்டேங்கறான்,” என்றார். பக்கத்தில் ஒரு கிழவர் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்காமல் இவர் கையைப் பிடித்து, எந்த எண்ணில் அழுத்த வேண்டுமோ அதில் அழுத்திக் காட்டினார். பிறகு இருவரும் ஒரே கையாகத் தாளம் போட்டார்கள். நடனக்காரி காலால் தரையைப் பொரித்து எடுத்து ஓர் உச்சிக்குக் கொண்டுபோனபோது, இவர் இரண்டு கையையும் தூக்கி, சபையில் செய்கிற வழக்கப்படியே, “பலே, பலே” என்றார்.

ஸ்பானிய மொழியில் அதே ஓசைக்கு ‘சரி’ என்று பொருள். இரண்டு தரம் சொன்னால், சரி சரி, போதும்.

அந்தப் பெண்ணின் கால் நின்றது. பாடகர் பாட்டை விழுங்கினார். கூடம் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. ஊர் நம்மளைப் பாக்கட்டும் என்று அவர் விரும்பியது அப்படி நிறைவேறியது. நான் நாற்காலிக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். சேஷாத்ரி சார் மெதுவாக எழுந்து நின்று, சனிக்கிழமை வகுப்பு ஸ்பானியத்தில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, என் ஊரில் பலே என்றால் நீங்கள் பாராட்டிக் கத்துகிற ஓலே என்று சொன்னார். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தக் கிழவர் கை தட்டினார். நடனக்காரி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். மீதி நேரம் முழுக்க அந்தக் கூடம் பலே பலே என்றுதான் கத்தியது.

வெளியே வந்ததும் பெஞ்ச் தேடி உட்கார்ந்தார். மார்பு ஏறி ஏறி இறங்கியது. “பாராட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் குரு. தப்பாப் புரிஞ்சாலும் போய்ச் சேர்ந்துடும்,” என்றார், இரண்டு மூச்சுக்கு நடுவில். அந்த மூச்சை நான் பெருமிதம் என்று எடுத்துக்கொண்டேன். வால்வு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். காற்று தடைப்படுகிற சத்தம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி கொட்டை. ஜனவரி ஐந்தாம் தேதி மாலை அங்கே, குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் ஊர்வலம். ராஜாக்கள் தேர் மாதிரியான வண்டிகளிலிருந்து மிட்டாய்களை அள்ளி வீசுவார்கள். ஜனங்கள் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து ஏந்திக்கொள்வார்கள். அன்றைக்கென்று வட்டமாக ஒரு கேக் உண்டு. எங்கள் வீட்டுச் சொந்தக்காரப் பாட்டி பிலார் ஒன்றைக் கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டு முறையைச் சொன்னார். உள்ளே இரண்டு பொருள் ஒளித்திருக்கும். சின்னப் பீங்கான் ராஜா யார் துண்டில் வருகிறதோ அவருக்குக் காகிதக் கிரீடம். காய்ந்த கொட்டை யாருக்கு வருகிறதோ, அடுத்த வருஷத்துக் கேக் அவர் பொறுப்பு.

என்ன கொட்டை என்று சேஷாத்ரி சார் விசாரித்தார். கேட்டால் அது கிட்டத்தட்ட நம் அவரைதான். ஜனவரியில் பெங்களூரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒரு தட்டு அவரேகாயைத் தள்ளி உரிக்க உட்கார்த்திவிடுவார்கள். “அங்க லெச்சு உரிச்சுண்டிருப்பா. தப்பிச்சேன்னு பாத்தா, கேக்குக்குள்ள புகுந்து வந்திருக்கு,” என்றார். கேக்கில் முட்டை இருக்குமே என்று அருள் எடுத்துக் கொடுத்தான். அதற்கு ஸ்பானியத்தில் கேட்கத் தனக்குத் தெரியாது என்று அவர் கூசாமல் சொல்லிவிட்டார்.

வனஜா விதியை மாற்றினாள். கொட்டை யாருக்கோ, அடுத்த வருஷப் பயணம் முழுக்க அவர் ஏற்பாடு. “என்னால இனிமே முடியாது. இந்த ஒரு வருஷத்துல அஞ்சு வயசு கூடிப் போச்சு,” என்றாள். பார்த்தால் உண்மை மாதிரிதான் இருந்தது.

துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே மேளம் கேட்டது. அருள் சேஷாத்ரி சாரின் குடையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினான். வனஜாவும் பிலாரும் பால்கனிக்குப் போனார்கள். சேஷாத்ரி சார் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார், எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து. நான் என் துண்டைக் கடித்தேன். பல்லில் ஏதோ கடக்கென்றது. முதலில் என் கடைவாய்ப் பல்லின் மேலுறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் கொட்டை.

அந்த நிமிஷம் என் கண் முன்னால் வனஜாவின் ஒரு வருஷம் ஓடியது. படிவங்கள், வரிசைகள், என்னைப் போன்ற ஒருவனின் முணுமுணுப்புகள். எனக்கு ஐம்பத்துநாலு வயது. உட்கார்ந்த இடத்தில் களைத்துப்போகிற வயது. கொட்டையைக் கால்சட்டையில் துடைத்தேன். எட்டி, அவருடைய துண்டின் க்ரீமுக்குள் சொருகினேன்.

என் எச்சில் கொட்டையை. மல்லேஸ்வரத்து ஐயங்கார் தட்டில். பஸ்ஸில் யார் தண்ணீர் கொடுத்தாலும் வாயில் படாமல் அண்ணாந்து குடித்த மனிதர் தட்டில்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவர் தட்டை இழுத்துக்கொண்டார். சாப்பிட்டார். மெல்லுகிற வாய் நின்றது. கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம்.

“பலே,” என்றார். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மார்ச்சில் எங்கள் மூவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். இதயத்தில் ஒரு வால்வு பழுது, அக்டோபரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார், வேண்டாம் என்று இருந்தேன், இப்போது ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று என்றார். எங்களைச் சிரிக்க வைக்க அவர்தான் பாடுபட வேண்டியிருந்தது. “நம்ம கம்பெனி சரக்கா இருந்தா நானே ரிஜெக்ட் பண்ணியிருப்பேன். அத்தனை லீக்கு.”

ஏன் இப்போது சம்மதித்தீர்கள் என்று வனஜா கேட்டாள்.

“கொட்டை எனக்குன்னு வந்துடுத்தே குரு. அடுத்த ஜனவரிக்கு நான்தானே ஏற்பாடு. அதுக்கு இருந்தாகணுமே.”

அருளும் வனஜாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் லேசாக இல்லை. இருமல் வந்தால் ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். படுக்க முடியாமல் பல வாரம் நாற்காலியிலேயே தூங்கினார். ஒருமுறை நான் பக்கத்தில் இருக்கும்போது தும்மல் வந்தது. தும்மி முடித்து, வெளிறிய முகத்தோடு, “தையல் எல்லாம் ஆஜர் சொல்றது,” என்றார். அந்தத் தலையணையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் கால்சட்டையில் துடைத்தது ஞாபகம் வரும். இரண்டு தடவை சொல்ல வாயெடுத்தேன். “அதெல்லாம் அப்புறம். அடுத்தது எந்த ஊர், கிரனாடாவா, கோர்தோபாவா, சொல்லுங்கோ,” என்று பேச்சை மாற்றிவிட்டார். பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் திட்டம் எழுதிக்கொண்டிருந்தார். எந்தத் தெருவில் எத்தனை பெஞ்சு என்று பிலாருக்கு எழுதிக் கேட்டுத் தனிப் பக்கமே வைத்திருந்தார். வெண்டைக்காயை ஒடித்துப் பார்க்கிற கையல்லவா.

பதின்மூன்று நாளும் வீட்டில் கூட்டம். அவருடைய தம்பிகள், சபா நண்பர்கள், மாமியின் அக்கா. மாமியிடம் தனியாகச் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை, அல்லது வாய்க்காததில் எனக்கு நிம்மதி. அதற்கு அடுத்த வாரம் எல்லோரும் ஊருக்குப் போன பிறகு, அருளிடம் தங்கிவிட்ட குடையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போனேன். மாமி சாப்பாட்டு மேஜையில் தனியாக அவரேகாய் உரித்துக்கொண்டிருந்தார். இந்த வருஷம் சீக்கிரமே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஒரு தட்டை என் பக்கம் தள்ளினார்.

“ஒருத்திக்கு எவ்வளவு வாங்கணும்னு தெரியலை பாஸ்கர். எப்பவும்போல வாங்கிட்டேன்.”

கொஞ்ச நேரம் உரித்தோம். பிறகு குனிந்த தலையோடு சொன்னேன். “மாமி, அந்தக் கேக்குல கொட்டை சாருக்கு வரலை. எனக்குத்தான் வந்தது. நான்தான் அவர் தட்டுல வச்சேன்.”

அவர் கை நிற்கவில்லை. “தெரியும்.”

“எப்படி?”

“ஜன்னல் கண்ணாடியில பாத்திருக்கார். அன்னிக்கே போன்ல சொன்னார். பாஸ்கர் வாயிலேர்ந்து எடுத்து பேன்ட்டுல துடைச்சு என் தட்டுல சொருகறான் லெச்சு, துடைச்சது இன்னும் மோசம்னார்.”

“அப்புறம் எதுக்கு அதை வாயில போட்டுக்கிட்டார்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். யாரோ என்னை அடுத்த வருஷத்துக்குக் கூப்பிடறா, எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னார்.” ஒரு காயை உடைத்தார். உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். “ரெண்டு மாசம் அழுதுண்டே கேட்டேன், ஆபரேஷன் பண்ணிக்கோங்கோன்னு. நான் சொல்லிக் கேக்கலை. உங்க எச்சிலுக்குக் கேட்டார்.”

நானும் ஒரு காயை எடுத்து உடைத்தேன்.

“கோபமா மாமி?”

“இருந்தது. உங்க மேல, அவர் மேல, அந்தக் கேக் பண்ணினவா மேல.” கையைத் துடைத்துக்கொண்டார். “எட்டு மாசம் கிடைச்சுது. வலியோடதான் கிடைச்சுது. ஆனா கிடைச்சுது.”

எழுந்து போய் சாருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்து திறந்தார். உள்ளே அந்தக் கொட்டை, பழுப்பாக, சுருங்கி. “இது உங்களோடது,” என்று என் தட்டின் ஓரத்தில் வைத்தார். அப்போது உரித்த பச்சைக் கொட்டைகளுக்கு நடுவில் அது ஒரு வயதான உறவினர் மாதிரி உட்கார்ந்திருந்தது. கூடவே நோட்டையும் கொடுத்தார். முதல் பக்கத்தில் போகிறவர்கள் பெயர். பாஸ்கர், வனஜா, அருள், நான் என்று நாலு. ஐந்தாவதாக, சற்றுத் தள்ளி, லெச்சு. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

மாமியிடம் சார் இதைக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன். வருஷம் கழியட்டும், இந்த ஜனவரி வேண்டாம், அதற்கு அடுத்த ஜனவரி. ஏற்பாடெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், கொட்டை எனக்குத்தான் வந்தது. நீங்கள் வருகிறீர்களா?

மாமி நோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சீ,” என்றார்.

உரித்த தொலிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது எந்த மொழிச் சீ என்று எனக்கு விளங்கவில்லை. முகத்திலும் எழுதியிருக்கவில்லை. பழைய நானாக இருந்தால் எழுந்து வாசலைப் பார்த்து நடந்திருப்பேன். அன்றைக்கு உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி அவருடைய நாற்காலி, தாளம் போட்டுத் தேய்ந்த அதன் கைப்பிடி, வாசல் கம்பியில் குடை. நான் எதையும் பார்க்கவில்லை. அவை என்னைப் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: சட்டைப் பையில் ஒரு காய்ந்த கொட்டை, பெஞ்சுகளின் கணக்கு எழுதிய ஒரு நோட்டு, களைப்பு வந்தால் வெட்கப்படாமல் உட்காருகிற பழக்கம். இதை எழுதுகிற இன்றுவரை ஒரு விசாப் படிவத்தின் முதல் பக்கத்தைக்கூட நான் முடிக்கவில்லை. ஆனால் தொடங்கிவிட்டேன்.

அன்றைக்குச் சற்றுப் பொறுத்து உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. “பாஸ்கர், காபி வேணுமா?”

“சீ,” என்றேன்.

காபி வந்தது.